சிகரட்டும் சாராயமும் மூளைப் புரதங்களை என்ன செய்கின்றன?

விடிய ஐந்து மணிக்குத் திருகோணமலை மீன் சந்தைப் பக்கம் போனால், கடலால் வந்தவர்கள் ஒரு கையில் பிளேன்ரீயும் மறு கையில் சிகரட்டுமாக நிற்பதைக் காணலாம். கேட்டால், "விடியப் பத்துற முதல் சிகரட்டுக்கு ஈடில்லை தம்பி" என்பார்கள். மத்தியானம் அதே பெட்டியிலிருந்து எடுக்கிற சிகரட்டில் அந்தச் சுகம் வருவதில்லை என்பதையும் அவர்களே சொல்வார்கள். இன்னொன்றையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பல வருடமாகக் குடிக்கிற ஒருவருக்குக் காலையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கும். ஒரு மிடறு சாராயம் உள்ளே போனால் நடுக்கம் நின்றுவிடும். குடி நரம்பைக் கெடுக்கிறது என்றால், குடித்ததும் நடுக்கம் கூடத்தானே வேண்டும்?

இந்த இரண்டுக்கும் விடை மூளைக் கலங்களின் மேற்பரப்பில் பதிந்திருக்கும் சில புரதங்களில் இருக்கிறது.

புரதம் என்றதும் மீனும் பருப்பும் முட்டையும்தான் நினைவுக்கு வரும். உடலுக்குள் அவற்றின் வேலை வேறு. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அது மடிந்து சுருண்டு ஒரு குறிப்பிட்ட வடிவம் எடுக்கிறது. அந்த வடிவத்தை வைத்துத்தான் அது வேலை செய்கிறது. வடிவம் சற்று நெளிந்தாலும் வேலை மாறிவிடும். நமது மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன. பெரும்பாலான இடங்களில் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் ஓர் இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீற்றரை ஐம்பதாயிரம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. செய்தி சொல்ல வேண்டிய கலம் ஓர் இரசாயனப் பொருளை அந்த இடைவெளிக்குள் விடுகிறது. அக்கரைக் கலத்தின் மென்சவ்வில் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதத்துக்கு வாங்கி என்று பெயர். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் ஏற்பி என்று இருக்கும்.

இங்கே நாம் பார்க்கப்போகும் வாங்கிகள் பலவும் கந்தளாய்க் குளத்தின் துருசு போன்றவை. குளத்தில் தண்ணீர் நிறைந்து நிற்கும், வயல் காத்திருக்கும், கதவு திறந்தால்தான் பாயும். நரம்புக்கலத்தில் தண்ணீருக்குப் பதில் சோடியம், கல்சியம், குளோரைட்டு போன்ற அயன்கள். சோடியம் உள்ளே பாய்ந்தால் கலம் உசாராகும், செய்தியை அடுத்த கலத்துக்குக் கடத்தும். குளோரைட்டு பாய்ந்தால் கலம் அடங்கும். மூளையின் நடப்பில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறிதான்.

வாங்கி என்று ஒன்று இருக்கிறது என்பதே புகையிலையில் உள்ள நிக்கொட்டினைக் கொண்டுதான் முதலில் ஊகிக்கப்பட்டது. 1905இல் கேம்பிரிட்ஜில் ஜோன் லாங்லி கோழியின் கால் தசையில் நிக்கொட்டினை இட்டார், தசை சுருங்கியது. தசைக்குப் போகும் நரம்பு அறுபட்டு அழிந்த பின்பும் சுருங்கியது. குராரே என்ற அம்பு விஷத்தை முதலில் இட்டால் சுருக்கம் தணிந்தது. ஆகவே நரம்பில் அல்ல, தசையிலேயே இந்தப் பொருள்களைப் பிடிக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். அந்த ஏதோ ஒன்றைக் கையில் எடுக்க இன்னும் அறுபத்தைந்து வருடம் பிடித்தது. அதற்கு உதவியவை இரண்டு பிராணிகள். ஒன்று, மின்னதிர்ச்சி கொடுக்கும் மீன். கரைவலை இழுப்பவர்களுக்குத் திருக்கையைத் தெரியும். அதன் உறவான மின்திருக்கையின் உடலிலும், தென்னமெரிக்க மின்விலாங்கின் உடலிலும் மின்சாரம் உண்டாக்கும் உறுப்பு முழுக்க இந்த வாங்கிகள் அடர்ந்து கிடக்கின்றன. மற்றது பாம்பு. நமது வரண்ட வலயத்தில் பாயில் படுத்திருப்பவரை இரவில் கடித்து, விடியுமுன் இமை தூக்க முடியாமல், மூச்சிழுக்க முடியாமல் ஆக்கிவிடும் கட்டுவிரியனின் தாய்வான் உறவு ஒன்று உண்டு. அதன் விஷத்தில் உள்ள ஒரு நச்சு இந்த வாங்கியைப் போய் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், விடவே விடாது. 1970இல் பாரிஸில் ஜோன் பியர் ஷான்ஜோவின் குழு அந்த நச்சைத் துணைகொண்டு மின்விலாங்கிலிருந்து வாங்கியை அடையாளம் கண்டு பிரித்தெடுத்தது.

இனி நிக்கொட்டின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இந்த வாங்கி உண்மையில் காத்திருப்பது அசற்றைல்கோலின் என்ற நமது சொந்தச் செய்திப் பொருளுக்காக. புகையிலைச் செடி தன் இலையைப் பூச்சி தின்னாமல் இருக்கச் செய்து வைத்திருக்கும் நிக்கொட்டின், வாங்கியில் பொருந்தும் இடத்தில் அசற்றைல்கோலினைப் போலவே இருக்கிறது. வாங்கி ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து நடுவில் ஒரு துளை விட்ட அமைப்பு. மூளையில் நிக்கொட்டினை நன்றாகப் பிடிக்கும் வகைக்கு அல்பா-4 பீற்றா-2 என்று பெயர். புகையை உள்ளிழுத்த பத்து இருபது செக்கனில் நிக்கொட்டின் நுரையீரலால் குருதியில் ஏறி மூளைக்கு வந்து இங்கே அமர்ந்துவிடும். துளை திறக்கும், சோடியமும் கல்சியமும் உள்ளே பாயும், கலம் உசாராகும்.

இது வரை பெரிய வம்பில்லை. வம்பு அடுத்ததில்தான். அசற்றைல்கோலின் தன் வேலை முடிந்ததும் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக அழிந்துவிடும். அதை வெட்டிப் போடுவதற்கென்றே ஒரு நொதியம் இடைவெளியில் காத்திருக்கிறது. ஒரு மூலக்கூறு நொதியம் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான அசற்றைல்கோலின்களை வெட்டும். நிக்கொட்டினை அதனால் வெட்ட முடியாது. நிக்கொட்டின் ஈரல் வழியாகத்தான் கழிய வேண்டும், குருதியில் அதன் அளவு பாதியாக ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் ஆகும். அவ்வளவு நேரமும் அது வாங்கியை விட்டுப் போவதும் திரும்ப வந்து அமர்வதுமாக இருக்கும். இப்படி ஓயாமல் தூண்டப்பட்ட வாங்கி ஒரு கட்டத்தில் வடிவம் மாறி, நிக்கொட்டின் அமர்ந்திருந்தாலும் திறக்காத நிலைக்குப் போய்விடுகிறது. துருசுக் கதவு இறுகிக்கொண்டது என்று வையுங்கள்.

இப்போது மீன் சந்தைக்காரரின் முதல் சிகரட்டுக்கு வருவோம். இரவு ஆறேழு மணித்தியாலம் தூங்குகிறார். நிக்கொட்டின் பெருமளவு கழிந்துவிடுகிறது, இறுகிய வாங்கிகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. விடிய முதல் இழுப்பு போனதும் அவற்றில் பல ஒரே நேரத்தில் திறக்கின்றன. பிறகு பகல் முழுக்க அவர் பத்துவது இறுகிக் கிடக்கும் வாங்கிகளுக்கு முன்னால்தான். கலிபோர்னியாவில் புகைப்பவர்களின் மூளையை ஸ்கான் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றிரண்டு இழுப்பிலேயே அல்பா-4 பீற்றா-2 வாங்கிகளில் பாதி நிக்கொட்டினால் நிரம்பி, மூன்று மணித்தியாலம் போல் அப்படியே இருந்தது தெரிந்தது. முழுச் சிகரட் என்றால் ஏறக்குறைய ஒன்பது பங்குக்கு ஒரு பங்குதான் மிச்சம். அப்படியானால் இரண்டாவது மூன்றாவது சிகரட் எதற்கு? வாங்கிகள் காலியாகத் தொடங்கும்போது வரும் எரிச்சலையும் தலைப்பாரத்தையும் தள்ளிப்போட. "ரென்சன் குறையுது" என்று சொல்வதில் பெரும்பங்கு, முந்தின சிகரட் உண்டாக்கிய ரென்சன் குறைவதுதான்.

சுகம் என்ற உணர்வு வேறொரு படியில் வருகிறது. நடுமூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் கலங்கள் ஒரு கொத்தாக உள்ளன. பசிக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர் கிடைக்கும்போது இவை "இது நல்லது, நினைவில் வை" என்று மூளையின் மற்றப் பகுதிகளுக்குச் சொல்கின்றன. இந்தக் கலங்களிலும் நிக்கொட்டின் வாங்கிகள் நிறைய. சோறும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் அந்தச் செய்தி போய்விடுகிறது. தேத்தண்ணிக் கடையின் வாசனையும் வள்ளம் கரையேறும் சத்தமும் கூடச் சேர்ந்து நினைவில் பதிந்துவிடுகின்றன. டோபமினை இப்படி அடிக்கடி பெறும் கலங்களுக்குள் டெல்ற்றா ஃபொஸ்-பீ என்ற புரதம் மெல்லச் சேர்கிறது. மற்றப் புரதங்கள் பல சில மணித்தியாலத்தில் சிதைந்துவிட, இது கிழமைக் கணக்கில் தங்கி, எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதையே மாற்றுகிறது. சிகரட்டின் புகையில் உள்ள வேறு பொருள்கள், டோபமினை உடைக்கும் மோனோ அமைன் ஒட்சிடேசு நொதியத்தையும் முடக்குகின்றன. புகைப்பவர்களின் மூளையில் அதன் பீ வகை 40 வீதம் குறைந்திருந்ததை 1996இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள்.

மூளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. பல வாங்கிகள் திறக்காமல் கிடக்கின்றன என்றால், கலம் மேற்பரப்பில் வாங்கிகளைக் கூட்டுகிறது. கலத்துக்குள் புதிதாகச் செய்யப்படும் வாங்கித் துண்டுகள் ஒன்றுசேர நிக்கொட்டினே உதவுகிறது என்பதும் ஒரு காரணம். அடைபட்ட துருசுக்குப் பக்கத்தில் புதிய துருசு வைத்தது போல. அதனால்தான் வருடக்கணக்காகப் புகைப்பவர் திடீரென நிறுத்தினால், தேவைக்கு மேற்பட்ட வாங்கிகள் காலியாக நின்று கேட்கத் தொடங்குகின்றன. எரிச்சல், பசி, தூக்கமின்மை, கவனம் நிற்காமை எல்லாம் இந்தக் கேட்பு. மன உறுதி இல்லாதவன் என்று அவரை வீட்டார் ஏசுவது எனக்கு ஒருபோதும் நியாயமாகப் படவில்லை. முதல் மூன்று நான்கு நாள் மிகக் கடுமை. பிறகு எண்ணிக்கை குறைந்து, ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதத்துக்குள் புகைக்காதவர்களின் அளவுக்கு வாங்கிகள் வந்துவிடுகின்றன.

"நான் சிகரட்டே தொடுறதில்லை, வெத்திலை மட்டும்தான்" என்பவர்களுக்காக ஒரு விசயம். வாய்க்குள் போடும் புகையிலையிலும் அதே நிக்கொட்டின்தான். அது சாதாரண எச்சிலில் பெரும்பாலும் மின்னேற்றத்துடன் இருப்பதால் கன்னத்து மென்சவ்வைத் தாண்டக் கஷ்டப்படும். சுண்ணாம்பு சேர்ந்ததும் வாய் காரத்தன்மையாகும், மின்னேற்றம் நீங்கும், நிக்கொட்டின் தாராளமாக உள்ளே போகும். பாட்டிமார் விரல் நுனியில் எடுத்துப் பூசும் அந்தச் சுண்ணாம்புதான் நிக்கொட்டினுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. பாக்கில் உள்ள அரிக்கோலினும் அசற்றைல்கோலின் வாங்கிகளின் இன்னொரு வகையைத் தூண்டுகிறது. புகையிலை போடாத வெத்திலைக்கும் பழக்கம் பிடிப்பதற்கு அரிக்கோலின் ஒரு காரணம். வாய்ப் புற்றுநோய் தனிக்கதை.

மதுசாரத்துக்கு வருவோம். கள்ளு, பியர், சாராயம், கசிப்பு எதுவானாலும் போதை தரும் மூலக்கூறு ஒன்றே: எதனோல். 5 வீத பியர் 250 மில்லிலீட்டரிலும் 33 வீத சாராயம் 40 மில்லிலீட்டரிலும் இருப்பது ஏறத்தாழ ஒரே 10 கிராம். பனங்கள்ளு இயற்கையானது, மூளைக்கு ஒன்றும் செய்யாது என்று பேசுபவர்களுடன் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். வாங்கிக்குப் பனையும் தெரியாது, வடிசாலையும் தெரியாது.

ஒரு சிகரட்டிலிருந்து உடலில் சேரும் நிக்கொட்டின் சுமார் 1 மில்லிகிராம். மதுசாரத்துக்கோ 10 கிராம் வேண்டும். மூலக்கூறு எண்ணிக்கையில் பார்த்தால் ஒன்றுக்கு முப்பத்தையாயிரம்! காரணம், எதனோலுக்கென்று மூளையில் பொருந்தும் வாங்கி கிடையாது. அது மிகச் சிறியது, நீரிலும் கொழுப்பிலும் கரையும், எங்கும் நுழையும். நீண்ட காலம் விஞ்ஞானிகளும் அது கலத்தின் கொழுப்பு மென்சவ்வில் கரைந்து அதைக் குழப்புகிறது என்றே நம்பினார்கள். 1984இல் இலண்டனில் நிக் ஃபிராங்ஸும் பில் லீப்பும் கொழுப்பே இல்லாத ஒரு புரதத்தை எடுத்தார்கள். மின்மினிப் பூச்சியின் வாலில் ஒளி உண்டாக்கும் நொதியம் அது. மயக்க மருந்துகளும் மதுசார வகைகளும் அந்த ஒளியை மங்கச் செய்தன. புரதத்தையே நேராகப் பிடிக்கின்றன என்று தெரிந்தது. 1997இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இன்னும் நெருங்கினார்கள். மூளையை அடக்கும் காபா வாங்கியின் சங்கிலியில் ஓர் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றினார்கள். எதனோலின் விளைவு அந்த வாங்கியில் காணாமற்போனது. அந்தப் புரதத்தின் மடிப்புக்குள் இருக்கும் சின்னக் குழியில்தான் எதனோல் வேலை காட்டுகிறது.

காபா என்பது மூளையின் முக்கிய அடக்கும் பொருள். அதன் வாங்கி குளோரைட்டை உள்ளே விடும் துருசு. எதனோல் இருந்தால் அதிகம் விடும். மறுபக்கம் குளூட்டமேற்று மூளையின் முக்கிய உசுப்பும் பொருள். அதன் வாங்கிகளில் என்எம்டிஏ என்ற வகையை எதனோல் திறக்கவிடாது. அடக்குவது கூடுகிறது, உசுப்புவது குறைகிறது. முதலில் ஏன் பாட்டும் சிரிப்புமாக இருக்கிறார்கள் என்றால், நம்மைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் முன்மூளைதான் முதலில் மங்குகிறது. காவல் மங்கினால் வாய் திறக்கும், சண்டையும் வரும். பிறகு கால் தள்ளாடும், நாக்குக் குழறும், தூக்கம். மிக அதிகம் ஏறினால் மூச்சை நடத்தும் கலங்களும் அடங்கும். குடித்துச் சாவது இப்படித்தான். என்எம்டிஏ வாங்கி புதிய நினைவைப் பதிக்கும் வேலையிலும் முக்கியமானது. "ராத்திரி என்ன கதைச்சனான் எண்டே தெரியேல்லை மச்சான்" என்று ஒருவர் சொல்வது பெரும்பாலும் நடிப்பல்ல. அந்த இரவு பதியவே இல்லை.

கருவில் இருக்கும் பிள்ளைக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. வளரும் நரம்புக்கலங்கள் ஒன்றையொன்று ஒட்டிப் பிடித்துத் தங்கள் இடத்துக்குப் போக எல்-1 என்ற புரதம் உதவுகிறது. குறைந்த அளவு எதனோலே அந்த ஒட்டலைக் கெடுக்கும் என்பதை ஆய்வுகூடத்தில் கலங்களில் பார்த்திருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் பாதுகாப்பான அளவு என்று எதையும் வைத்தியர்கள் சொல்வதில்லை.

நாள் தவறாமல் குடித்தால்? நிக்கொட்டினில் பார்த்தது போலவே மூளை ஈடுகட்டுகிறது. காபா வாங்கியின் துண்டுகளை மாற்றி, எதனோலுக்கு எளிதில் பதில் கொடுக்காத வகையைக் கூட்டுகிறது. என்எம்டிஏ வாங்கிகளின் எண்ணிக்கையையும் கூட்டுகிறது. அதனால்தான் கால் போத்தலில் விழுந்தவர் முழுப் போத்தலில் நிமிர்ந்து நடக்கிறார். அவர் குடிக்காத காலையில் எதனோல் கழிந்துவிடும், மாற்றிய புரதங்கள் கழிவதில்லை. அடக்க ஆள் குறைவு, உசுப்ப ஆள் அதிகம். கை நடுங்குகிறது, வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. ஒரு மிடறு உள்ளே போனால் சமநிலை போல் ஒன்று வருகிறது.

சிகரட்டை ஒரே நாளில் விட்டால் எரிச்சல் வரும், உயிர் போகாது. பல வருடம் கடுமையாகக் குடித்தவர் வீட்டில் தனியே ஒரே நாளில் விட்டால் உயிர் போகலாம். கோயிலில் சத்தியம் செய்துவிட்டோ, வீட்டார் அறைக்குள் பூட்டி வைத்தோ நிறுத்துகிறார்கள். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். "ரெண்டு நாளாத் தொடவே இல்லை ஐயா, இப்ப சுவரில பூச்சி ஓடுது எண்டு கத்துறார்" என்று மனைவிமார் வைத்தியசாலைக்கு ஓடி வருவது இந்தக் கட்டத்தில். சிலர் இதைப் பேய் என்று நினைத்து வேறு இடத்துக்குக் கொண்டுபோய் நேரத்தை இழக்கிறார்கள். வைத்தியசாலையில் கொடுக்கும் டயசிபாம் போன்ற மருந்து அதே காபா வாங்கியில்தான், வேறொரு இடத்தில், அமர்கிறது. சில நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். வாங்கிகள் அதற்குள் இறங்கி வரும். கூடவே தயமின் என்ற விற்றமின் பி1 ஏற்றுவார்கள். குடிப்பவர்களின் உடலில் அது வற்றிப்போயிருக்கும். அது இல்லாமல் நினைவுப் பகுதிக் கலங்கள் நிரந்தரமாகச் சாகும்.

"தண்ணி போடேக்க மட்டும்தான் பத்துவன்" என்பது நமது கலியாண வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. அதற்கும் காரணம் இருக்கிறது. எதனோல் அல்பா-4 பீற்றா-2 வாங்கியையும் தொடும், அதன் பதிலைக் கூட்டும். இரண்டும் ஒரே டோபமின் கலங்களில் போய்ச் சேர்கின்றன. அந்த வாங்கியில் அரைகுறையாக அமர்ந்து நிக்கொட்டினுக்கு இடம் விடாமல் தடுக்கும் வரெனிக்கிளின் என்ற மாத்திரை 2006இல் சிகரட்டை விடுவதற்காக அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. பின்னர் செய்த சில சோதனைகளில் குடிப்பவர்களின் குடியும் அதனால் குறைந்தது.

அதனால், குடியை நிறுத்த வந்தவரிடம் "சிகரட்டையாவது விட்டு வையுங்கோ, ரெண்டையும் ஒரேயடியா விட ஏலாது" என்று உறவினர்கள் சொல்லும் ஆறுதலை நான் ஏற்பதில்லை. சிகிச்சையின்போது இரண்டையும் சேர்த்து விட்டவர்கள் குடியிலிருந்து விலகி நிற்பதில் பின்தங்கவில்லை, பலர் முந்தியே நின்றிருக்கிறார்கள். கையில் சிகரட் எரிந்துகொண்டிருக்கும் வரை, அதே வாங்கி அதே டோபமின் கலத்துக்குச் சாராயத்தை நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும்.